காதுக்கும் ஒரு கோவை வேண்டும்: பொலிஸ் சேவையும் செவிப்புலன் இழப்பும்

புத்தளம் நகரிலிருந்து மன்னாரை நோக்கி வடக்கே போகும் பழைய வீதியில் வண்ணாத்திவில்லுப் பிரதேசத்துக்குள் நுழைபவருக்கு அது சத்தமான இடமாகத் தோன்றாது. தென்னந்தோட்டங்கள், கஜுக் காணிகள், அப்பால் வில்பத்துக் காட்டின் விளிம்பு. கலா ஓயா கடலைச் சேரும் கங்கேவாடியில் கண்டல் காடு. கரைத்தீவுப் பக்கம் போனால் மீனவர் வாடிகள். இப்படியொரு ஊரில் கடமை பார்க்கும் பொலிஸ் உத்தியோகத்தருக்குத் தொழிலால் காது மந்தமாகலாம் என்றால் கேட்பவர் நம்பத் தயங்குவார்.

ஆனால் பொலிஸ்காரர் ஒரே ஊரில் இருந்து ஓய்வு பெறுபவர் அல்லர். கட்டுக்குருந்தையில் துப்பாக்கிப் பயிற்சி, கொழும்பில் சில வருடங்கள் போக்குவரத்துக் கடமை, யுத்த காலமென்றால் வடக்கிலோ கிழக்கிலோ ஒரு காவலரண், அதன்பின் இடமாற்றத்தில் வண்ணாத்திவில்லு. அமைதியான ஊருக்கு வந்து சேரும்போது அவருடைய காது பழைய கணக்கு முழுவதையும் சுமந்துகொண்டே வருகிறது. தனிப்பட்ட கோவையைத் திறந்தால் நியமனக் கடிதம், இடமாற்றக் கட்டளை, விடுமுறை, தண்டனை, பதவி உயர்வு எல்லாம் வரிசையாக இருக்கும். எத்தனை ரவைகள் சுட்டார், எத்தனை வருடம் சந்தியில் நின்றார், அப்போது காதில் ஏதாவது பாதுகாப்பு இருந்ததா என்று எழுதிவைக்கும் பழக்கம் நம் அரச சேவையில் வேரூன்றவில்லை. பொலிஸாரின் செவிப்புலன் பற்றி உலகில் தெரிந்திருப்பவற்றைத் திரட்டிப் பார்த்தால், இந்தப் பிரச்சினையின் முடிச்சு இந்தப் பதிவின்மையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. மருத்துவம், சட்டம், நட்டஈடு எல்லாமே கடைசியில் இங்கே வந்துதான் முட்டுகின்றன.

காதுக்குள் நடப்பது

உள்காதில் நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் கோக்லியாவில் சுமார் 15,000 மயிர்க் கலங்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுபவை அவைதான். பறவைகளுக்கு அவை அழிந்தாலும் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்த தொகையைக் கொண்டுதான் ஆயுள் முழுவதையும் ஓட்ட வேண்டும்.

இரைச்சல் இவற்றை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, நாள்தோறும் மணிக்கணக்காகக் கேட்கும் உரத்த ஒலி. மற்றது வெடி, துப்பாக்கிச் சூடு போன்ற ஒரே அடி. முதலாவதற்கு உலகில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை 85 டெசிபெல், அதுவும் 8 மணி நேரத்துக்கு. டெசிபெல் நேர்கோட்டில் ஏறும் அளவை அல்ல. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும், தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 டெசிபெலுக்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 100 டெசிபெலுக்கு 15 நிமிடந்தான். இரண்டாவது வகைக்கு நேரக் கணக்கே இல்லை. உச்ச அழுத்தம் 140 டெசிபெலைத் தாண்டினால் ஒரே வெடியில் காதுக்குக் கேடு நேரலாம்.

பாதிப்பு முதலில் தெரிவது 4000 ஹேர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். காதுக் குழாயின் அமைப்பே 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்புவதால், அடி அந்தப் பகுதியில் பலமாக விழுகிறது. செவிப்புலன் பரிசோதனையின் வரைபடமான ஓடியோகிராமில் 4000 ஹேர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்து, 8000இல் கோடு மறுபடி மேலேறும். வயதால் வரும் கேட்டல் குறைவில் அப்படி மேலேறுவதில்லை, கோடு சரிந்துகொண்டே போகும். இந்த வேறுபாடு முக்கியமானது. நாற்பது வயதில் பரிசோதித்தால் பள்ளத்தைக் காட்டி “இது இரைச்சலின் வேலை” என்று வைத்தியர் சொல்லலாம். அறுபதில் முதன்முறையாகப் பரிசோதித்தால், வயதின் சரிவு பள்ளத்தை விழுங்கியிருக்கும். எது தொழில், எது முதுமை என்று பிரித்துக் காட்ட அப்போது யாராலும் இலகுவில் முடியாது.

இன்னொரு செய்தி 2009இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர்களான ஷாரன் குஜாவாவும் சார்ள்ஸ் லிபர்மனும் எலிகளில் காட்டியது இது: பலத்த இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் திறன் பரிசோதனையில் வழமைக்குத் திரும்பினாலும், மயிர்க் கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்துபோகிறது. துப்பாக்கித் தளத்திலிருந்து திரும்பிய அன்று காது அடைத்து இரைந்து, இரண்டு நாளில் சரியாகிவிட்டால் “ஒண்டுமில்லை, சுகமாயிட்டுது” என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வியை இந்த ஆய்வு எழுப்புகிறது. மனிதரில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. இருந்தாலும் இரைச்சலான இடத்தில் பேச்சுப் பிடிபடவில்லை என்று சொல்பவரை, பரிசோதனை சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பும் வைத்தியர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து தெருவுக்கு

தொழிலால் காது போகும் என்பது பழைய அறிவு. தொழில் நோய்களின் தந்தையாகக் கருதப்படும் இத்தாலிய வைத்தியர் ராமத்சினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் செவிட்டுத்தன்மையைக் குறித்திருந்தார். 1886இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார் என்ற வைத்தியர் கொதிகலன் தொழிலாளர் 100 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் ஒருவருக்கும் இயல்பான கேட்டல் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி ஆலைக் கதவுக்கு உள்ளேதான் நடந்தது. இரைச்சல் என்றால் இயந்திரம் என்றே சட்டம் எழுதியவர்களும் நினைத்தார்கள். வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் அந்தக் கண்ணோட்டத்தில் படவே இல்லை.

அவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு இங்கு சொல்லத்தக்கவை. 2009இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, பொலிஸாரையும் அலுவலக அரச ஊழியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. வயது போன்ற வேறு காரணிகளைக் கழித்த பின்னும், 4000 ஹேர்ட்ஸில் மட்டும் விழும் அந்தப் பள்ளம் பொலிஸாரிடம் 1.4 மடங்கு அதிகமாக இருந்தது. மோட்டார் சைக்கிள் பொலிஸாரிடம் அது சுமார் மூன்று மடங்கு. அலுவலகத்தில் இருக்கும் ஊழியரோடு ஒப்பிட்டதுதான் அந்த ஆய்வின் பலம். ஒரே சமூகம், ஒரே மாதிரியான அரச வேலை, வேறுபடுவது சத்தம்.

இரண்டாவது நமக்கு இன்னும் கிட்டியது. 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில் காத்மண்டு நகரின் போக்குவரத்துப் பொலிஸார் 110 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இரைச்சலால் வந்த கேட்டல் இழப்பு காணப்பட்டது. காத்மண்டுவின் எண்ணை அப்படியே எடுத்து புறக்கோட்டைக்கோ புத்தளத்துக்கோ ஒட்டிவிட முடியாது. ஆனால் பஸ் ஹோர்ன், பழைய டீசல் எஞ்சின், சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள், நெரிசல் என்று பார்த்தால் தெற்காசிய நகரங்கள் ஒன்றுக்கொன்று தூரத்து உறவல்ல. கொழும்பில் ஐந்து வருடம் போக்குவரத்துக் கடமை பார்த்துவிட்டு வண்ணாத்திவில்லுக்கு வந்த ஒருவரைப் பரிசோதித்தால் என்ன தெரியும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

சத்தம் எங்கெங்கிருந்து வருகிறது

துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் மிகக் கொடியது. கைத்துப்பாக்கியோ ரைபிளோ, சுடுபவரின் காதருகே எழும் உச்ச அழுத்தம் பெரும்பாலும் 150 முதல் 165 டெசிபெலுக்கு இடையில் இருக்கும். 140 என்ற எல்லைக்கு மேலே இது எவ்வளவு தூரம் என்பதை, 3 டெசிபெலுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்ற கணக்கில் பார்த்தால் விளங்கும். இலங்கைப் பொலிஸில் பரிச்சயமான ரி-56 ரைபிளை வலது தோளில் வைத்துச் சுடுபவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிய, தலை சற்று வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடது காது குழல்வாயை நோக்கியிருக்கும். வலது காது தலையின் நிழலில் மறைந்திருக்கும். அதனால்தான் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் நீண்ட காலம் ரைபிள் சுட்டிருந்தால் இடது காது முதலில் கெடுகிறது. தொலைபேசியை எப்போதும் வலது காதிலேயே வைத்துப் பேசும் பழைய சார்ஜன்ட் அதற்குக் காரணம் கேட்டால் பழக்கம் என்பார். காரணம் ஓடியோகிராமில் தெரியும்.

சுடுபவரை விட அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் பயிற்றுநர். பயிலுநர் தன் முறைக்குச் சுட்டுவிட்டுப் போய்விடுவார், பயிற்றுநர் அணி அணியாக வருபவர்களோடு நாள் முழுவதும் தளத்தில் நிற்பார். மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் இருந்தால் ஒலி திரும்பத் திரும்ப எதிரொலித்து இன்னும் கேடு செய்யும். வட அயர்லாந்தில் காதுப் பாதுகாப்பில்லாமல் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான பொலிஸார் பின்னாளில் நட்டஈடு கோரினார்கள். அரசு கோடிக்கணக்கான பவுணைச் செலவிட நேர்ந்தது. பயிற்சித் தளத்தில் ஒரு சோடி காதடைப்பான் கொடுக்காததற்கான விலை அது.

இரண்டாவது சத்தத்தை யாரும் சத்தமாகவே எண்ணுவதில்லை. அது பொலிஸ்காரரின் விசில். பல்லுக்கும் உதட்டுக்கும் இடையில் வைத்து ஊதும்போது ஒலி பிறக்கும் இடத்துக்கும் ஊதுபவரின் காதுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விளையாட்டு நடுவர்களை வைத்து நடந்த, 2013இல் வெளியான ஆய்வில் விசில் ஒலி 104 முதல் 116 டெசிபெல் வரை அளக்கப்பட்டது. மேலே சொன்ன கணக்கில் 116 என்றால் ஒரு நாளுக்குரிய முழு அளவும் சுமார் 22 வினாடியில் முடிந்துவிடும். நடுவர் ஒரு போட்டிக்குச் சில பத்துத் தடவை ஊதுகிறார். பாடசாலை விடும் நேரத்தில் சந்தியில் நிற்கும் கான்ஸ்டபிள் எத்தனை தடவை ஊதுகிறார் என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

மோட்டார் சைக்கிளில் எஞ்சினை விடக் காற்றுதான் குற்றவாளி. தலைக்கவசத்தின் அடியில் புகுந்து சுழலும் காற்றின் இரைச்சல், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் 100 டெசிபெலை எட்டும். கவசம் மண்டையைக் காக்கும், காதைக் காக்காது. பிரெஞ்சு ஆய்வின் மூன்று மடங்குக்கு இது ஒரு விளக்கமாகலாம். இதோடு ஒரு காதில் மாட்டிய வானொலிக் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே சத்தம் கூடக்கூட, அதை மீறிக் கேட்பதற்காக அதன் ஒலியையும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

இவையெல்லாம் எந்த நாட்டுப் பொலிஸுக்கும் பொருந்தும். வண்ணாத்திவில்லுக்கே உரியவை வேறு சில. முதலாவது, யானை. காட்டு விளிம்பில் உள்ள ஊர்களில் இரவில் யானை வேலியைக் கடந்து வந்தால் விரட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடிதான் முதல் ஆயுதம். வனசீவராசிகள் உத்தியோகத்தர், யானை வேலிக் காவலுக்கு அமர்த்தப்பட்ட சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தார், விவசாயிகள் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஊர் பதற்றமாகும்போது பொலிஸும் அங்கே வரவேண்டியிருக்கிறது. கையால் எறியும் வெடி எறிந்தவரிலிருந்து சில மீற்றர் தூரத்தில் வெடிக்கிறது. கையிலேயே வெடித்துக் காயப்பட்டவர்களும் உண்டு, அது செய்தியாகிறது. வெடித்த பிறகு ஒரு கிழமை காது இரைவது செய்தியாவதில்லை. இருட்டில், அவசரத்தில், யானையின் காலடிச் சத்தத்துக்கும் கிளை முறியும் ஓசைக்கும் காது கொடுத்து நிற்கும் மனிதர் காதை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டார். இந்தச் சிக்கலுக்கு விடை உண்டு, பின்னால் வருகிறேன்.

அடுத்தது வெடிபொருள். 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லில் ஒரு தென்னந்தோட்டத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தார் பெருந்தொகை வெடிபொருளையும் டெட்டனேட்டர்களையும் கைப்பற்றியதை நாடு மறந்திருக்காது. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் தொடர்ச்சியாகத் தெமட்டகொடை வீடொன்றில் வெடித்த குண்டில் மூன்று பொலிஸார் உயிரிழந்தார்கள். குண்டு வெடிப்பில் உயிர் தப்புபவர்களுக்குச் செவிப்பறை கிழிவதும், மாதக்கணக்காகக் காது இரைவதும், நிரந்தரமாகக் கேட்டல் குறைவதும் நன்கு அறியப்பட்ட விளைவுகள். முப்பது வருட யுத்தத்தில் இப்படி எத்தனை காதுகள் கெட்டிருக்கும்! கை கால் இழந்தவருக்கு ஊனம் கண்ணுக்குத் தெரிந்தது. காது இழந்தவர் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் கடமைக்குத் திரும்பினார்.

மூன்றாவது, அறுவைக்காடு. பல பத்து வருடங்களாகச் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டப்படும் இடம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பிறகு கொழும்பின் குப்பையை இங்கே கொண்டுவரும் திட்டம் வேகம் பெற்றது. அதற்கு எதிராகப் புத்தளத்தில் 2018, 2019 காலத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரவூர்தி, ஆர்ப்பாட்டம், ஒலிபெருக்கி என்று இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கவேண்டியவர் பொலிஸ்காரரே. கல் வெட்டும் இடத்தில் இரைச்சலான இயந்திரத்தை இயக்குபவருக்குக் காதுக்கவசம் பாதுகாப்பு விதியின் ஒரு பகுதி. அதே தூசியில், அதே லொறிகளை வழிமறித்து நிற்கும் கான்ஸ்டபிளின் காதுக்கு எந்த விதியும் இல்லை.

சட்டம் யார் காதைக் காக்கிறது

இலங்கையில் இரைச்சல் சட்டங்களை நிறைவேற்றும் முதல் கை பொலிஸ்தான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் வாகன ஹோர்ன்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது. 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வெலிகம வழக்கில் ஒலிபெருக்கிகள் பற்றிய தன் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியபோது, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையான தடையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பொலிஸின் தலையில் விழுந்தது. அந்த வழக்கில் எதிர்மனுதாரராக நின்றவரும் ஒரு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியே. நம் தூக்கத்தையும் நம் காதையும் காக்க நாம் கூப்பிடுவது இவர்களைத்தான்.

இவர்களுடைய காதைக் காக்கும் சட்டத்தைத் தேடினால் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் போய் நிற்போம். பெயரே சொல்வதுபோல் அது தொழிற்சாலைக்கு உரியது. சந்தியும் துப்பாக்கித் தளமும் யானை வேலியும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வராது. இந்தியாவிலும் நிலை நீண்ட காலமாகப் பெரிதாக வேறாக இருக்கவில்லை. இரைச்சலால் வரும் கேட்டல் இழப்பு அங்கே தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. ஆனால் ஆலையின் வாசலோடு அந்தச் சட்டத்தின் கையும் நின்றுவிட்டது. மும்பைப் பொலிஸ் 2020 ஜனவரியில் ஒரு புது முறையை அறிவித்தது. சந்தியில் ஹோர்ன் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். சாரதிகளுக்குப் பாடம் புகட்ட வந்த அந்த முறையால் முதலில் நன்மை பெறுவது அந்தச் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரின் காது.

நாம் பின்பற்றத் தக்க முன்மாதிரி பிரித்தானியாவில் இருக்கிறது. அங்கும் பொலிஸ் உத்தியோகத்தர் சட்டத்தின் கண்ணில் சாதாரண ஊழியர் அல்லர் என்பதால் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 1997இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி அவர்களையும் உள்ளே சேர்த்தார்கள். 2005இல் வந்த வேலைத்தல இரைச்சல் ஒழுங்குவிதிகள் அதனால் பொலிஸுக்கும் பொருந்தின. 80 டெசிபெலில் எச்சரிக்கையும் பயிற்சியும், 85இல் கட்டாயக் காதுப் பாதுகாப்பு. ஒரு சிறிய சட்டம்தான். நம் பாராளுமன்றத்தால் செய்ய முடியாத காரியம் அல்ல.

கேட்காத காதும் எழுதப்படும் முறைப்பாடும்

உயர் அலைவரிசை போனவருக்கு உலகம் மௌனமாகிவிடுவதில்லை. அதனால்தான் அவருக்கே தெரிவதில்லை. உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் பலமாக ஒலிக்கின்றன, அவை கேட்கும். ச, ஸ, த, ட, க, ப போன்றவற்றை வேறுபடுத்தும் மெல்லிய ஓசைதான் மறைகிறது. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. “சத்தம் கேக்குது, பேச்சு விளங்கேல்லை” என்று காது மந்தமானவர்கள் சொல்வது மருத்துவ ரீதியில் துல்லியமான விவரணை. வானொலியில் வரும் வாகன இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் தவறான வாகனம் மறிக்கப்படும். மெல்லிய குரலில் பேசும் பெண்ணின், குழந்தையின் முறைப்பாட்டில் பாதி எழுதப்படாமல் போகும்.

புத்தளம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. வண்ணாத்திவில்லில் சிங்களமும் தமிழும் பேசுவோர் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். பொலிஸ் சேவையில் பெரும்பான்மையோரின் தாய்மொழி சிங்களம். கற்றுக்கொண்ட இரண்டாம் மொழியை இரைச்சலில் கேட்டு விளங்கிக்கொள்வது தாய்மொழியைக் கேட்பதை விடக் கடினம் என்பது செவிப்புல ஆராய்ச்சியில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. தாய்மொழியில் விடுபட்ட ஓசையை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டாம் மொழியில் நிரப்ப அவ்வளவு சரக்கு இருக்காது. ஆகவே காது சற்றுக் கெட்டாலும் முதலில் அடிபடுவது அந்த இரண்டாம் மொழிதான். மொழிப் பயிற்சி முடித்து, நல்ல மனத்தோடு தமிழில் முறைப்பாடு எழுத உட்காரும் ஓர் உத்தியோகத்தருக்குக் கரைத்தீவுப் பெண்ணொருத்தியின் பேச்சு பிடிபடாவிட்டால், மொழி தெரியாதவர் என்று நாம் கோபப்படுவோம். காது கேட்காதவராக அவர் இருக்கலாம் என்று நினைக்கமாட்டோம். தன் மொழியில் முறையிடும் உரிமையை 1987ஆம், 1988ஆம் ஆண்டுத் திருத்தங்களால் தமிழ் பேசுவோருக்கு அரசியலமைப்பு வழங்கியிருக்கிறது. அந்த உரிமை கடைசியில் ஒரு கான்ஸ்டபிளின் 4000 ஹேர்ட்ஸில் தங்கியிருக்கிறது என்பதை மொழிக்கொள்கை பேசுபவர்களும் கவனிக்க வேண்டும்.

கெட்ட காதுக்கு இன்னொரு குணமும் வந்துவிடும். மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் உரத்துப் பேசினால் தாங்க முடியாமல் வலிக்கும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் இடையிலான வெளி சுருங்கிப்போவதால் இப்படி. முதலில் “என்ன? என்ன?” என்று இரண்டு முறை கேட்பவர், மூன்றாம் முறை நாம் குரலை உயர்த்தியதும் “ஏன் கத்துறீர்?” என்று சீறுவார். பொலிஸ்காரரின் முரட்டுத்தனம் என்று ஊர் அதைப் பெயரிடும். அவருடைய வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது வருடக்கணக்காகத் தெரிந்த விஷயம்: தொலைக்காட்சியின் சத்தம், திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டிய கதை, இரவில் தலைமாட்டில் நிற்காமல் இரையும் காது. பதவி உயர்வும் உடற்தகுதியும் பாதிக்கப்படும் என்ற பயத்தில் அவர் வைத்தியரிடம் போகாமலே சமாளித்துக்கொண்டிருப்பார். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதைப் போக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

எல்லாவற்றையும் இரைச்சலின் மேல் போடுவதும் நேர்மையாகாது. நீரிழிவு, புகைத்தல், சிறு வயதுக் காது அழற்சி, சில காசநோய் மருந்துகள், திருமண வீட்டு ஒலிபெருக்கி எல்லாம் தம் பங்கைச் செலுத்துகின்றன. வாகனப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு இரைச்சலின் தீங்கைக் கூட்டுவதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சந்தியில் நிற்பவர் இரண்டையும் சேர்த்தே பெறுகிறார். இத்தனை காரணிகள் இருப்பதனால்தான் சேவையில் சேரும் நாளிலேயே ஓர் அளவு எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை

போன காதைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. வெடியாலோ சூட்டாலோ திடீரென்று காது அடைத்தால் அன்றே, பிந்தினால் மறுநாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முதற்சில நாட்களுக்குள் தொடங்கும் ஸ்டீரொயிட் சிகிச்சையால் சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. கிழமைக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டுப் போவதில் பயனில்லை. நிரந்தரமாகப் போனவருக்குக் கேட்டல் கருவி உதவும், ஆனால் அது கண்ணாடி போட்டதும் பார்வை தெளிவதுபோல் உடனே தெளிவைத் தந்துவிடாது.

ஆகவே தடுப்பதுதான் வழி. துப்பாக்கித் தளத்தில் காதுக்குள் செருகும் அடைப்பான், அதன் மேல் காதுக்கவசம் என்று இரண்டையும் சேர்த்து அணிய வேண்டும். நுரையடைப்பானைப் போட ஒரு முறை இருக்கிறது. சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் ஒட்டிக்கொண்டு வெளியே துருத்தி நிற்கும் அடைப்பான் வெறும் அலங்காரம். கொடுத்துவிட்டால் போதாது, போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமெரிக்க இராணுவத்துக்கு விற்ற அடைப்பான் சரியாகப் பொருந்தவில்லை என்ற குற்றச்சாட்டில் 3எம் கம்பனி 2023இல் சுமார் 600 கோடி டொலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. காதில் ஏதோ ஒன்று இருப்பது வேறு, காது பாதுகாக்கப்பட்டிருப்பது வேறு.

யானை வேலியில் நிற்பவருக்கு நான் முன்னர் தருவதாகச் சொன்ன விடை இதுதான். மெல்லிய ஓசையை உள்ளே விட்டு வெடியோசையை மட்டும் தடுக்கும் அடைப்பான்களும், மின்னணுக் காதுக்கவசங்களும் இப்போது உண்டு. காட்டின் சலசலப்புக் கேட்கும், வெடியின் அடி விழாது. சந்தியில் நிற்பவருக்கு எல்லா ஓசையையும் சமமாகச் சற்றுக் குறைக்கும் அடைப்பான் பொருந்தும். கடமை நேரத்தைச் சந்தியில் ஒரு பகுதி, அலுவலகத்தில் ஒரு பகுதி என்று மாற்றிப் பகிரலாம். விசிலின் இடத்தில் கைச் சைகையையும் ஒளிரும் தடியையும் கூட்டலாம். ஹோர்ன் விதியைக் கண்டிப்பாக அமுல்படுத்துவது பொதுமக்களுக்கு மட்டுமல்லாமல் தம் சொந்தக் காதுக்கும் செய்யும் காரியம் என்று போக்குவரத்துப் பிரிவினர் எண்ண வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் நிற்பது அந்தக் கோவை. கட்டுக்குருந்தைக்குப் போகும் முதல் கிழமையில், முதல் ரவை சுடுவதற்கு முன்னர், ஒரு செவிப்புலன் பரிசோதனை. துப்பாக்கிப் பயிற்றுநர், மோட்டார் சைக்கிள் பிரிவு, போக்குவரத்து, விசேட அதிரடிப்படை ஆகியோருக்கு வருடம் ஒருமுறை. மற்றவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை. வெடிப்புச் சம்பவம் எதிலாவது அகப்பட்டால் உடனே. வரைபடத்தின் பிரதி கோவையில் இருக்க வேண்டும், இடமாற்றத்தோடு அதுவும் ஊருக்கு ஊர் போக வேண்டும். முதல் பள்ளம் தெரியும்போது உத்தியோகத்தரைத் தண்டிக்காமல் கடமையை மாற்ற வேண்டும். ஓய்வு பெறும் நாளில் முதல் வரைபடத்தையும் கடைசி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவருக்கு என்ன சேர வேண்டும் என்பதில் வாதாட அதிகம் இருக்காது. பொலிஸுக்கென்று நாரஹேன்பிட்டியில் வைத்தியசாலை இருக்கிறது. சிலாபத்திலும் குருநாகலிலும் பெரிய அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒரு பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்ணாத்திவில்லிலோ வேறெங்கோ, பொலிஸில் சேர விண்ணப்பித்திருக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வைத்தியசாலையில் ஓடியோகிராம் எடுத்துத் திகதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சேவையில் இருப்பவர்கள் இந்த வருடமே ஒன்று எடுங்கள். ஒரு பிரதியைக் கோவையில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.